ஒரே பாட்டு, நான்கு சுருதி: யூடியூபில் எது அசல்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயதான அப்பாவுக்காக ஒருவர் யூடியூபில் பழைய தமிழ்த் திரைப்பாடல்களைத் தேடித் தொகுத்து வருகிறார். அப்பா ஆர்மோனியம் வாசிப்பவர். பாட்டைப் போட்டால், "சுருதியே சேரவில்லை, பாட்டைக் கெடுத்து வைத்திருக்கிறான்" என்கிறாராம். ஒரே பாட்டு நான்கு இடத்தில் நான்கு விதமாகக் கேட்கிறது. சில பாட்டுகளுக்கு எவ்வளவு தேடியும் படக்காட்சி கிடைக்கவில்லை. இசையமைப்பாளர் பெயரை ஆளுக்கொன்றாகப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகளும் சில இசைத்தட்டுகளும் இருக்கின்றன, அவற்றை என்ன செய்வது என்றும் கேட்கிறார்.

அப்பா சொல்வது சரிதான். அவர் காது ஏமாறவில்லை, ஆர்மோனியமும் கெட்டுப்போகவில்லை. ஆனால் பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று கெடுக்கவும் இல்லை. யூடியூபில் இருக்கும் ஒவ்வொரு பழைய பாட்டும் ஏதோ ஒரு வழியாக அங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஒன்று இசைத்தட்டிலிருந்து வந்திருக்கும், இன்னொன்று படச்சுருளிலிருந்து, மற்றொன்று டிவிடியிலிருந்து, வேறொன்று யாரோ வானொலியில் பிடித்த கேசட்டிலிருந்து. வந்த வழி தெரிந்துவிட்டால், நீங்கள் கேட்டவற்றில் பாதிக்கு மேல் தானாகவே விடை கிடைத்துவிடும்.

சுருதியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதுதான் பலரைக் குழப்புகிறது.

திரைப்படம் ஓடும் வேகம் நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). நம் நாட்டுத் தொலைக்காட்சி பின்பற்றிய 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறையின் வேகம் நொடிக்கு 25 சட்டகம். படத்தைத் தொலைக்காட்சிக்கோ விசிடி, டிவிடிக்கோ மாற்றும்போது 24 சட்டகப் படத்தைக் கொஞ்சம் வேகமாக, 25-ஆக ஓட்டிவிடுவதுதான் வழக்கம். கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. காதுக்கு நன்றாகத் தெரியும். வேகம் 4 சதவீதம் கூடுகிறது, அதோடு சுருதியும் ஏறுகிறது. எவ்வளவு ஏறும் என்றால், அரைக்கட்டைக்கு, அதாவது ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்துக்கு, கொஞ்சம் குறைவாக. அங்கேதான் தொல்லை. முழுசாக அரைக்கட்டை ஏறியிருந்தால் அப்பா அடுத்த கட்டைக்கு மாறி வாசித்துவிட்டுப் போயிருப்பார். இது இரண்டு கட்டைக்கும் நடுவில் தொங்குகிறது. எந்தக் கட்டையை அழுத்தினாலும் உறுத்தும்.

சரிபார்க்க எளிய வழி உண்டு. அதே பாட்டின் இரண்டு பதிவேற்றங்களை எடுத்து, முதல் சொல் தொடங்கும் இடத்திலிருந்து கடைசிச் சொல் முடியும் இடம் வரை நேரத்தைப் பாருங்கள். ஒன்றில் 4 நிமிடம், மற்றொன்றில் 3 நிமிடம் 50 நொடி, சரணங்கள் இரண்டிலும் ஒன்றுதான் என்றால், இரண்டாவது டிவிடி வழியாகவோ டிவி வழியாகவோ வந்தது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். 25-க்கு 24 என்ற கணக்கு அங்கே அச்சாக நிற்கும்.

திருத்துவதும் கடினமில்லை, ஆனால் யூடியூபிலேயே இருக்கும் வேகம் மாற்றும் வசதியால் பயனில்லை. அது வேகத்தை மட்டும் மாற்றும், சுருதியை அப்படியே வைத்துக்கொள்ளும். உங்களுக்கு வேண்டியது இரண்டும் சேர்ந்து இறங்குவது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேகமும் சுருதியும் ஒன்றாக மாறும் வசதி இருக்கிறது. அதில் 4 சதவீதம் குறைத்தால் போதும். அப்பாவின் டிவிடிகளிலிருந்து எடுத்த ஒலியை இப்படி இறக்கிப் போட்டுக் காட்டுங்கள். பாடகர் குரல் கொஞ்சம் கனமாவதை அவரே முதலில் சொல்வார். டி.எம்.எஸ். குரலில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

சுருதி மாற வேறு காரணங்களும் உண்டு. உரிமை உள்ள பாட்டை யாராவது ஏற்றினால் தானாகக் கண்டுபிடிக்கும் கான்டென்ட் ஐடி என்ற ஏற்பாடு யூடியூபில் இருக்கிறது. அதன் கண்ணில் மண்ணைத் தூவ, சிலர் வேண்டுமென்றே சுருதியைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ போடுவார்கள். இதற்குக் கணக்கு கிடையாது, அவரவர் இஷ்டம். அப்புறம் ரீல்ஸுக்காகப் பாட்டை மெதுவாக்கி எதிரொலி சேர்த்த பதிவுகள். அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, எத்தனையோ இளைஞர்கள் அந்த வழியாகத்தான் பி. சுசீலாவிடம் வந்து சேர்கிறார்கள். ஆனால் அதைப் போட்டு அப்பாவை ஆர்மோனியம் வாசிக்கச் சொல்லாதீர்கள்.

இசைத்தட்டிலிருந்து எடுத்தால் சரியாக இருக்குமா என்றால், அதுவும் முழு உத்தரவாதம் இல்லை. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டு என்று பெயரே தவிர, பழைய தட்டுகள் எல்லாம் சரியாக 78-இல் பதிவானவை அல்ல. சில 75, 76-இல் இருக்கும், சில 80-ஐத் தாண்டும். நாடக நடிகரும் பாடகருமான எஸ்.ஜி. கிட்டப்பா விஷயத்தில் இது பெரிய விவகாரம். அவர் 1933-இல், இருபத்தெட்டு வயது நிரம்புவதற்குள் காலமாகிவிட்டார். பேசும்படம் தமிழுக்கு வந்து இரண்டே ஆண்டுதான் ஆகியிருந்தது, அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. இன்று நாம் கேட்கும் கிட்டப்பா முழுக்க முழுக்க இசைத்தட்டுக் கிட்டப்பாதான். ஐந்து கட்டை என்ற உச்சமான சுருதியில் பாடினார் என்ற பேச்சு நாடக உலகில் இன்றும் உண்டு. 'எவரனி' கீர்த்தனையை இணையத்தில் கேட்டுவிட்டு, "இது ஐந்துக்கும் மேலே இருக்கிறதே" என்று ஒருவரும், "நாலரைதான்" என்று இன்னொருவரும் சண்டை போடுவார்கள். இருவரும் கேட்டது வெவ்வேறு தட்டு சுழற்றிகளில் ஓடிய பதிவுகள். வேகம் 6 சதவீதம் மாறினால் அரைக்கட்டை மாறிவிடும். பதிவேற்றியவர் எந்த வேகத்தில் ஓட்டினார் என்று தெரியாமல் அந்தச் சண்டைக்குத் தீர்ப்பே கிடையாது.

அடுத்து, பாட்டே வேறாக இருப்பது. படத்தில் கேட்கும் பாட்டும் இசைத்தட்டில் இருக்கும் பாட்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். பத்து அங்குல 78 தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடம்தான் அடங்கும். பாட்டு நீளம் என்றால் தட்டைத் திருப்பிப் போட்டு மீதியைக் கேட்க வேண்டும், அல்லது ஒரு சரணத்தை விட்டுவிட வேண்டும். இன்னும் பின்னால், முப்பது நாற்பதுகளுக்குப் போனால், படத்துக்கு ஒரு முறை பாடியதை கம்பெனி ஸ்டூடியோவில் தட்டுக்காக மறுபடி பாடுவதும் நடந்தது. ஆகவே எம்.கே. தியாகராஜ பாகவதரின் பாட்டு ஒன்று படத்தில் ஒரு மாதிரியும் தட்டில் வேறு மாதிரியும் சங்கதி (வரியை நெளிவு மாற்றிப் பாடுவது) விழுந்து கேட்டால், இரண்டில் ஒன்று போலி என்று நினைக்க வேண்டாம். இரண்டும் அவரேதான், வெவ்வேறு நாளில்.

சொல்லே மாறிய பாட்டுகளும் உண்டு. 'அன்பே வா' 1966-இல் வந்த ஏவி.எம். படம். சிம்லா மலைப்பாதையில் எம்.ஜி.ஆர். கையில் பெட்டியோடு பாடிவரும் 'புதிய வானம்' பாட்டில் வாலி 'உதய சூரியனின் பார்வையிலே' என்று எழுதியிருந்தார். உதயசூரியன் தி.மு.க.வின் சின்னம், தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த காலம். தணிக்கையில் ஆட்சேபம் எழுந்து 'புதிய சூரியனின்' என்று மாற்றினார்கள். இந்தப் பாட்டின் வெவ்வேறு பதிவுகளைத் தேடி, அந்த ஒரு சொல்லை மட்டும் உன்னிப்பாகக் கேட்டுப் பாருங்கள். காட்சி இருக்கும் பதிவில் வாயசைப்பையும் கவனியுங்கள். எது படத்தின் ஒலி, எது வேறு வழியாக வந்து காட்சியின்மேல் ஒட்டப்பட்டது என்று பிடிப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

ஒட்டுவது இப்போது ரொம்பச் சாதாரணம். படச்சுருளின் ஒலி தேய்ந்திருக்கும், அதனால் ஒலியை இசைத்தட்டிலிருந்தோ சிடியிலிருந்தோ எடுத்து காட்சிக்கு மேலே போட்டுவிடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சலங்கைச் சத்தம், நடுவில் வரும் வசனம், கைதட்டல் எல்லாம் போய்விடும். காட்சியில் சலங்கை கட்டிய கால் ஆடுகிறது, சலங்கை ஒலி மட்டும் இல்லை என்றால் அது ஒட்டுவேலை.

கால் என்றதும் நினைவுக்கு வருகிறது. 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' 1958-இல் வந்தது, எஸ்.எஸ். வாசன் எடுத்த ஜெமினி படம், இசை சி. ராமச்சந்திரா. பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடும் 'கண்ணும் கண்ணும் கலந்து' பாட்டை பி. லீலாவும் ஜிக்கியும் பாடியிருக்கிறார்கள். பி.எஸ். வீரப்பாவின் "சபாஷ், சரியான போட்டி" அங்கேதான் வருகிறது. இந்தப் பாட்டை யூடியூபில் இரண்டு மூன்று பதிவுகளில் பாருங்கள். அகலத் திரையை முழுக்க நிரப்பி ஓடும் பதிவில், இருவரும் முழு உருவமாக ஆடும் இடங்களில் தலைக்கு மேலே இடம் இருக்காது, பாதம் திரைக்குக் கீழே போயிருக்கும். அந்தக் காலப் படங்கள் ஏறக்குறையச் சதுரமான சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமே 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்'தான். அதற்கு முந்தைய பாட்டு இன்றைய டிவியை ஓரம் வரை நிரப்புகிறது என்றால் மேலேயும் கீழேயும் வெட்டியிருக்கிறார்கள், அல்லது பக்கவாட்டில் இழுத்து எல்லோரையும் குண்டாக்கியிருக்கிறார்கள். நடனப் போட்டியில் பாதத்தை வெட்டுவது என்ன நியாயம்? இருபுறமும் கறுப்புப் பட்டையோடு வரும் பதிவைத் தேடுங்கள். அதுதான் முழுப் படம்.

இந்த வரிசையில் புதிதாக வந்து சேர்ந்திருப்பவை 'டிடிஎஸ்', '5.1 ரீமாஸ்டர்', '4கே வண்ணம்' என்று பட்டம் சூட்டிக்கொண்டு வரும் பதிவுகள். ஐம்பது அறுபதுகளில் பாடகரும் மொத்த வாத்தியக் குழுவும் ஒரே கூடத்தில் நின்று ஒரே ஓட்டமாகப் பாடி முடிப்பார்கள். ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து. பதிவானது ஒற்றைத் தடம். குரல் தனி, வயலின் தனி, தபலா தனி என்ற பிரிவே அங்கே இல்லை. எழுபதுகளின் கடைசியில்தான் ஸ்டீரியோ தமிழ்த் திரைப்பாட்டில் எட்டிப் பார்க்கிறது. 1978-இல் வந்த 'ப்ரியா'வை முதல் ஸ்டீரியோ படம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்படியிருக்க, 1962-ஆம் ஆண்டுப் பாட்டை ஐந்து ஒலிபெருக்கியில் பிரித்துப் போட்டிருக்கிறோம் என்றால் அது பிரித்ததல்ல, பிரித்ததுபோலக் காட்டியது. குரலையும் வாத்தியத்தையும் கணினி ஊகத்தில் பிரிக்கும் மென்பொருள்கள் இப்போது உண்டு, சில பாட்டில் நன்றாகவே செய்கின்றன. ஆனாலும் அது ஊகம்தான்.

எனக்குப் பிடிக்காதது இன்னொன்று, கரகரப்பை அளவுக்கு மீறித் துடைப்பது. இசைத்தட்டின் இரைச்சலை எடுக்கிறேன் என்று தம்பூராவின் நாதத்தையும், 'ச', 'ஷ' ஒலிகளையும், வயலின் வில் உரசும் சத்தத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது பாடகர் தண்ணீருக்குள் உட்கார்ந்து பாடுவது போலக் கேட்கும். 'சிங்காரவேலனே தேவா' பாட்டில் எஸ். ஜானகியின் குரலும் காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் மாறி மாறி ஓடும் இடம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'கொஞ்சும் சலங்கை', 1962, இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. அந்த நாகஸ்வரத்தில் சீவாளியின், அதாவது வாயில் வைத்து ஊதும் முனையின், அதிர்வு காதில் விழ வேண்டும். துடைத்த பதிவில் அது வெறும் குழல் ஓசையாகிவிடுகிறது. கொஞ்சம் கரகரத்தாலும் துடைக்காத பதிவையே எடுங்கள். காது இரண்டு நிமிடத்தில் கரகரப்பை மறந்துவிடும், தொலைந்த நாதத்தை மட்டும் கூட்டிச் சேர்க்க முடியாது.

காட்சி கிடைக்காத பாட்டுகளுக்கு வருவோம். சிலவற்றுக்குக் காட்சி கிடைக்காததன் காரணம், காட்சியே இல்லை. 'அலைகள் ஓய்வதில்லை' 1981-இல் வந்தது. 'புத்தம் புது காலை' அந்தப் படத்தின் இசைத்தட்டில் இருக்கிறது, ஜானகி பாடியது, படத்தில் கிடையாது. 2014-இல் 'மேகா' படத்தில் அதே பாட்டை எடுத்துப் பயன்படுத்தினார்கள், நீங்கள் பார்ப்பது அந்தக் காட்சியாகவோ ரசிகர்கள் ஒட்டிய படமாகவோ இருக்கும். 'தளபதி'யின் 'புத்தம் புது பூ பூத்ததோ' பாட்டும் அப்படித்தான். கேசட்டில் வந்தது, திரையில் வரவில்லை. இதுபோன்ற பாட்டுக்கு "ஒரிஜினல் வீடியோ" என்று தலைப்புப் போட்டு யாராவது ஏற்றியிருந்தால், உள்ளே போகாமலே நகர்ந்துவிடலாம்.

இன்னொரு வகை, படமே அழிந்துபோனது. தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்', 1931. டி.பி. ராஜலட்சுமி நடித்தது. அதன் பிரதி எங்கும் இல்லை. அந்தக் காலப் படச்சுருள் நைட்ரேட்டில் ஆனது, எளிதில் தீப்பிடிக்கும், நம் ஊர் வெக்கையில் தானாகவே நைந்துபோகும். வெள்ளிக்காக உருக்கி விற்ற சுருள்களும் உண்டு. அப்படிப் போன படங்களில் பலவற்றுக்கு இன்று மிஞ்சியிருப்பது பாட்டுப் புத்தகம் மட்டுமே.

பாட்டுப் புத்தகத்தை நீங்கள் மறந்தே போயிருக்கலாம், அப்பாவைக் கேளுங்கள். கொட்டகை வாசலில் சில்லறைக்கு விற்பார்கள். அட்டையில் நடிகர் படம், உள்ளே கதைச் சுருக்கம், "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடியும், பிறகு எல்லாப் பாட்டும். இசை யார், பாட்டு யார் எழுதியது, பல புத்தகங்களில் யார் பாடியது என்பதும் இருக்கும். படம் வந்த வாரத்திலேயே அச்சானது என்பதால், ஐம்பது ஆண்டு கழித்து யாரோ நினைவிலிருந்து தட்டச்சு செய்த பெயரைவிட நம்பலாம். சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இத்தகைய புத்தகங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாளெல்லாம் சேர்த்த தகவல்கள் நூலாகவே வந்திருக்கின்றன. ஒரு படம் எந்த ஆண்டு, யார் இசை என்பதற்கு அதைப் புரட்டினால் போதும்.

இசையமைப்பாளர் பெயர்க் குழப்பத்துக்கும் இதுவே மருந்து. யூடியூபில் ஒரு விதி எழுதாமலே நடைமுறையில் இருக்கிறது: 1976-க்கு முன் என்றால் எம்.எஸ்.வி., பின் என்றால் இளையராஜா. இந்த விதியால் அடிபட்டவர்கள் பலர். எல்.ஆர். ஈஸ்வரி பாடிய 'காதோடுதான் நான் பாடுவேன்' வி. குமாருடையது, படம் 1972-இல் வந்த 'வெள்ளி விழா'. 'மாம்பூவே சிறு மைனாவே' சந்திரபோஸ். 'மழை தருமோ என் மேகம்' ஷியாம். 'ஆவாரம்பூவு ஆறேழு நாளா' வி.எஸ். நரசிம்மன், பாலசந்தரின் 'அச்சமில்லை அச்சமில்லை', 1984. இந்த நான்கில் ஒன்றையாவது ராஜா பாட்டு, எம்.எஸ்.வி. பாட்டு என்று நம்பாத ஆளை நான் பார்த்ததில்லை. நல்ல பாட்டெல்லாம் பெரிய பெயருக்குப் போய்ச் சேர்வது நம் ஊர் வழக்கம், தனிப்பாடல் எல்லாம் காளமேகத்துக்கும் ஔவைக்கும் போனது மாதிரி.

இதில் டி.கே. ராமமூர்த்திக்கு நேர்ந்ததுதான் பெரிய அநியாயம். விஸ்வநாதன்-ராமமூர்த்தி இரட்டையர் பிரிந்தது 1965-இல், 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு. அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுப் பாட்டுகளில் பெரும் பகுதி இருவர் பெயரிலும் வந்தவை. இன்று தொகுப்புகளின் தலைப்பில் ஒருவர் பெயர்தான் இருக்கிறது. நீங்கள் தொகுக்கும்போதாவது ஆண்டைப் பார்த்து இரண்டு பெயரையும் போடுங்கள்.

புத்தகம் தேடிப் போக நேரமில்லை என்றால் ஓர் எளிய வழி. முழுப்படமும் பெரும்பாலும் யூடியூபிலேயே இருக்கும். பாட்டை விட்டுவிட்டு, படத்தின் முதல் மூன்று நிமிடத்தைப் பாருங்கள். டைட்டிலில் 'இசை', 'பாடல்கள்', 'பின்னணி' என்று வரிசையாக ஓடும். எந்தப் பாட்டு யார் என்று தனித்தனியாக இராது. ஆனால் பின்னணி பாடியவர் பட்டியலில் இல்லாத ஒருவரை யாரோ உங்கள் பாட்டுக்குப் பாடகர் என்று போட்டிருந்தால் அங்கேயே அடித்துவிடலாம். ஏ.எம். ராஜாவா பி.பி. ஸ்ரீனிவாஸா என்ற வழக்குகளில் பாதி இப்படியே முடிந்துவிடும்.

உங்கள் பெட்டியில் இருக்கும் கேசட்டுகளில் வானொலியில் பிடித்தவை இருந்தால் அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். 1952-க்குப் பிறகு மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அநேகமாக நின்றுபோனது. அந்த இடத்தைப் பிடித்தது இலங்கை வானொலி. பிறகு விவித பாரதி வந்த பின்னும், தென் மாவட்டங்களில் எண்பதுகள் வரை கொழும்பைத் திருப்பி வைத்த வீடுகள்தான் அதிகம். அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் குரலோடு கிடைக்கும் பழைய பதிவுகளை இன்று ரசிகர்கள் பாட்டைவிட அதிகமாகத் தேடுகிறார்கள். பாட்டு எங்காவது கிடைத்துவிடும், அந்த அறிவிப்பு வேறெங்கும் கிடைக்காது. அதனால் டிஜிட்டலாக்கும்போது பாட்டு தொடங்கும் இடத்திலிருந்து வெட்டாதீர்கள். முன்னும் பின்னும் உள்ள பேச்சு, விளம்பரம், நேர அறிவிப்பு எல்லாம் இருக்கட்டும். இலங்கையின் பொப்பிசைப் (பாப் இசை) பாடல்களும் அந்தக் கேசட்டுகளில் ஒளிந்திருக்கலாம். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.இ. மனோகரனின் 'சுராங்கனி' போன்றவை இன்று எளிதில் கிடைக்கின்றன, ஆனால் அந்தக் காலத்தில் வந்த பல சின்னத் தட்டுகளின் பாட்டுகள் இப்படி வீட்டுக் கேசட்டுகளில் இருந்துதான் மறுபடி வெளிச்சத்துக்கு வருகின்றன.

உரிமை விஷயத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் சட்டப்படி ஒலிப்பதிவின் காப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1964-இல் வந்த இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2024 முடிவோடு தீர்ந்தது. ஆனால் மெட்டுக்கும் வரிகளுக்கும் கணக்கு வேறு, ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டு. ஜி. ராமநாதன் 1963-இல் காலமானார், அவர் மெட்டுகளின் காலம் முடிந்துவிட்டது. கண்ணதாசன் மறைந்தது 1981-இல், அவர் வரிகளுக்கு 2041 வரை உண்டு. அப்பா வீட்டில் கேட்பதற்கு இதெல்லாம் குறுக்கே வராது. நீங்கள் பொதுவில் ஏற்றும்போதுதான் வரும். உரிமை மீறல் புகார் மூன்று சேர்ந்தால் யூடியூப் சேனலையே மூடிவிடும். அரிய பாட்டுகளை ஏற்றிய சேகரிப்பாளர்களின் பக்கங்கள் இரவோடு இரவாகக் காணாமல் போவது இதனால்தான். ஆகவே நல்ல பதிவு ஒன்றைக் கண்டால், பாட்டு, படம், ஆண்டு, எந்தத் தட்டிலிருந்து எடுத்தது, தட்டின் எண் என்று அவர் கீழே எழுதியிருப்பதை உடனே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு செத்துப்போனாலும் அந்தத் தகவலை வைத்து வேறிடத்தில் தேடலாம்.

இனி உங்கள் பெட்டி. 78 தட்டுகளைச் சாராயம் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்காதீர்கள். அவை அரக்கில் செய்தவை, ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்த மெல்லிய துணி போதும், நடுவில் இருக்கும் லேபிளில் ஈரம் படக்கூடாது. இப்போது கடைகளில் பெட்டி வடிவில் விற்கும் மலிவான பிளேயரில் எல்பி (பிற்கால நீள் இசைத்தட்டு) முள்ளோடு அவற்றை ஓட்டாதீர்கள். 78-இன் பள்ளம் அகலம், அதற்குத் தனி முள் வேண்டும். எல்பி முள்ளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பருமனானது. சின்ன முள் பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியையும் தேய்மானத்தையும்தான் உங்களுக்குப் பாடிக் காட்டும். அப்படிப் பதிவு செய்துவிட்டு, "தட்டு போய்விட்டது" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

கேசட்டுகளில் முதலில் பூஞ்சையைப் பாருங்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் ஓட்டாமல் ஒதுக்கி வையுங்கள். ஓட்டினால் அது டெக்கில் ஒட்டிக்கொண்டு மற்ற கேசட்டுகளுக்கும் போகும். நல்லவற்றை ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டுப் போடுங்கள். டெக்கின் தலையைப் பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைக்கலாம், தட்டுக்குக் கூடாதது இங்கே நல்லது. பழைய டெக்கில் பெல்ட் தளர்ந்திருந்தால் வேகம் குறைந்து சுருதி இறங்கும், ஆட்டமும் கேட்கும். பெல்ட்டை மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள். கணினியில் வேவ் கோப்பாகவே சேமியுங்கள், எம்பி3 வேண்டுமென்றால் அதிலிருந்து பிறகு எடுத்துக்கொள்ளலாம். இரைச்சல் நீக்கம் எதையும் பதிவு செய்யும்போது போடாதீர்கள். தட்டின் லேபிள், கேசட்டின் அட்டை, அப்பா கையால் எழுதியிருக்கும் பாட்டுப் பட்டியல் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அதே கோப்புறையில் போடுங்கள்.

சுருதியைச் சரிபார்க்க அப்பாவையே பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் ஆர்மோனியம் பொதுவான சுருதி அளவுக்கு ஒத்திருக்கிறதா என்று போனில் ஒரு டியூனர் செயலியை வைத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள். அப்புறம் பியானோவோ ஆர்மோனியமோ வைப்ரபோனோ தெளிவாகக் கேட்கும் பாட்டாகத் தேர்ந்தெடுத்து, அந்த ஸ்வரம் கட்டையில் சரியாக உட்காரும் வரை வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். வயலின்காரர் இழுத்துக் கட்டிக்கொள்வார், பாடகர் அனுசரித்துப் போவார், ஆனால் பியானோவை ஒரு பாட்டுக்காக யாரும் மாற்றிக் கட்டமாட்டார்கள். அதே கேசட்டின் அதே பக்கத்தில், அதே டெக்கில் பதிவான மற்ற பாட்டுகளுக்கும் பெரும்பாலும் அதே அளவுதான் வேண்டியிருக்கும். நாடா அந்தப் பக்கத்தின் முடிவை நெருங்கும்போது மட்டும் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.